டிவிக்குப் பின்னால் ஒட்டும் விளக்கு: நிறங்களை விடுங்கள், வெள்ளையைப் பாருங்கள்

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வருகிறது. சுவரில் மாட்டிய 55 அங்குல டிவி ஒன்று, அதே அறையின் மூலையில் 27 அங்குல மானிட்டரோடு ஒரு கம்ப்யூட்டர் மேசை. இரவில் அறை விளக்கை அணைத்துவிட்டுப் பார்த்தால் கண் எரிகிறது. திரையில் ஓடும் படத்துக்கு ஏற்ப நிறம் மாறும் ஸ்மார்ட் விளக்கு ஒன்றைப் பின்னால் ஒட்டலாம் என்று இருக்கிறீர்கள். கேமரா வைத்தது வாங்குவதா, எச்டிஎம்ஐ பெட்டி வைத்தது வாங்குவதா என்பதில் குழப்பம். ஒரே கேள்விபோலத் தெரிந்தாலும் உள்ளே இரண்டு இருக்கின்றன. கண் எரிச்சலுக்கு என்ன செய்வது என்பது ஒன்று, அறை கொஞ்சம் கொண்டாட்டமாக இருக்க என்ன வாங்குவது என்பது இன்னொன்று. இரண்டுக்கும் ஒரே எல்இடி ஸ்ட்ரிப்பை, அதாவது சின்னச் சின்ன விளக்குகள் வரிசையாகப் பதித்த நாடாவை, ஒட்டலாம்தான். ஆனால் இரண்டும் அதனிடம் நேரெதிரான வேலையைக் கேட்கின்றன. முதல் வேலைக்கு அந்த வெளிச்சம் அசையக் கூடாது, அது இருப்பதே உங்களுக்கு மறந்துபோக வேண்டும். இரண்டாவதற்கு அது படத்தோடு சேர்ந்து ஆட வேண்டும்.

திரைகளின் நிறத்தைக் கருவி வைத்து அளந்து சரிசெய்வது என் தொழில், 12 வருடமாகச் செய்கிறேன். அதனால் நிறத்தையும் வெளிச்சத்தையும் பற்றி உறுதியாகப் பேசுவேன். கண் மருத்துவம் எனக்குத் தெரியாது, அந்தப் பக்கம் வரும்போது அடக்கியே வாசிக்கிறேன்.

கண்ணில் இருந்தே தொடங்கலாம். இருட்டறையில் டிவி மட்டும் ஒளிரும்போது, கண்ணுக்கு முன்னால் ஒரு பளீர் சதுரமும் அதைச் சுற்றிக் கும்மிருட்டும் இருக்கின்றன. படம் இருண்ட காட்சியில் இருந்து திடீரென்று பனிமலைக்குத் தாவினால் கண்பாவை சட்டென்று சுருங்க வேண்டும், மறுபடி விரிய வேண்டும். பின்சுவரில் மங்கலான, நிலையான வெளிச்சம் இருந்தால் இந்தத் தாவல் குறைகிறது. இது நிச்சயம். இன்னொன்றும் நிச்சயம்: சுற்றிலும் லேசான வெளிச்சம் இருக்கும்போது திரையின் கறுப்பு இன்னும் கறுப்பாகத் தெரியும். திரையில் எதுவும் மாறவில்லை, பக்கத்தில் இருப்பதோடு ஒப்பிட்டுப் பார்ப்பது நம் கண்ணின் குணம், அவ்வளவுதான். கறுப்பு கொஞ்சம் சாம்பலாக வெளுக்கும் சாதாரண எல்சிடி டிவிகளில் இந்த லாபம் நன்றாகவே தெரியும். ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்ந்து தானே அணையும் ஓஎல்இடி திரையில் கறுப்பு ஏற்கெனவே கறுப்புதான், அங்கே கண்ணுக்குக் கிடைக்கும் ஆறுதல்தான் மிச்சம்.

சந்தேகத்துக்கு உரியது இது: பின்னால் விளக்கு வைத்தால் கண் எரிச்சல் போய்விடுமா? சிலருக்குக் குறைகிறது, என் வாடிக்கையாளர்கள் பலர் அப்படித்தான் சொல்கிறார்கள். ஆனால் திரையைப் பார்க்கும்போது நாம் கண் சிமிட்டுவது குறைந்துவிடுகிறது, அதனால் கண் உலர்கிறது, எரிச்சலுக்கு அது ஒரு முக்கியமான காரணம். அந்த உலர்ச்சியை எந்த விளக்கும் சரிசெய்யாது. ஆகவே விளக்கு பாதி மருந்து என்று வைத்துக்கொள்ளுங்கள், அதுவும் எல்லோருக்கும் இல்லை.

எவ்வளவு வெளிச்சம் என்பதில்தான் பெரும்பாலானோர் தவறுகிறார்கள். எச்டிஆர், அதாவது வெளிச்சத்தையும் இருட்டையும் கூடுதல் வீச்சில் காட்டும் படங்களுக்காகச் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் (ஐடியு) தந்த பரிந்துரை, பிடி.2100, திரையைச் சுற்றிய பரப்பு 5 நிட் வெளிச்சத்தில், 6500 கெல்வினை ஒட்டிய டி65 என்ற வெள்ளையில் இருக்க வேண்டும் என்கிறது. நிட் என்பது ஒரு பரப்பு எவ்வளவு பளிச்சென்று தெரிகிறது என்பதன் அளவு. கெல்வின் என்பது வெள்ளையின் சாயலைச் சொல்லும் அளவு, எண் குறைந்தால் மஞ்சள், கூடினால் நீலம். 5 நிட் என்பது மிகக் குறைவு. வெள்ளைச் சுவரில் சுமார் 20 லக்ஸ் (விழும் வெளிச்சத்தின் அளவு லக்ஸ்) விழுந்தாலே அது வந்துவிடும். கடையில் கிடைக்கும் நல்ல ஸ்ட்ரிப் ஒன்றை முழு வெளிச்சத்தில் எரியவிட்டால் இதைவிடப் பல மடங்கு கொட்டும். எனவே உண்மையில் நீங்கள் அதை 2, 3 சதவீதத்தில்தான் வைத்திருப்பீர்கள். கருவி இல்லாமல் சரிபார்க்க நான் சொல்லிக்கொடுக்கும் வழி எளிது. படம் பார்த்து அரை மணி நேரம் ஆனபிறகு விளக்கைப் பட்டென்று அணையுங்கள். 'அப்பாடா' என்று இருந்தால் அதுவரை வெளிச்சம் அதிகமாக இருந்திருக்கிறது. திரை முகத்தில் அறைந்ததுபோல இருந்தால் அளவு சரி.

6500 கெல்வின் ஏன் என்று சிலர் கேட்பார்கள், வீட்டில் மஞ்சள் வெளிச்சம்தானே இதமாக இருக்கிறது என்று. படங்களும் நிகழ்ச்சிகளும் அந்த வெள்ளையை வைத்துத்தான் நிறம் சேர்க்கப்படுகின்றன. டிவிக்குப் பின்னால் 2700 கெல்வின் மஞ்சள் பல்பை எரியவிட்டால், கண் அந்த மஞ்சளையே 'வெள்ளை' என்று பழகிக்கொள்ளும், பிறகு திரையில் இருப்பதெல்லாம் நீலம் பாய்ந்து தெரியும். முகங்கள் வெளிறிப்போகும். இதில் ஒரு பொறி இருக்கிறது. நிறைய டிவிகள் பெட்டியில் இருந்து எடுக்கும்போதே 6500-ஐத் தாண்டிய நீல வெள்ளையில்தான் இருக்கும். டிவியை 'விவிட்' மோடில் விட்டுவிட்டுப் பின்னால் சரியான 6500 விளக்கை ஒட்டினால், விளக்கு மஞ்சளாகத் தெரியும், விளக்கைக் குறை சொல்வீர்கள். முதலில் டிவியை 'மூவி' அல்லது 'ஃபிலிம் மேக்கர்' மோடுக்கு மாற்றுங்கள். இரண்டு நாள் மங்கலாக இருப்பதுபோலத் தோன்றும், அப்புறம் பழைய மோடுக்குத் திரும்ப மனம் வராது.

சுவர் வெள்ளையா, சாம்பலா, வேறு நிறமா என்று நீங்கள் எழுதவில்லை. பச்சைச் சுவரில் எவ்வளவு சுத்தமான வெள்ளையை அடித்தாலும் பச்சைதான் திரும்பி வரும். வெளிர் சாம்பல் சுவர் கிடைத்தால் அது வரம்.

இப்போது ஸ்ட்ரிப்புக்கு வருவோம். விளம்பரத்தில் 1 கோடியே 60 லட்சம் நிறங்கள் என்று போட்டிருப்பார்கள். அந்தக் கணக்கு பொய்யில்லை, சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் 256 படிகள் இருந்தால் பெருக்கி வருவதுதான் அது. ஆனால் நமக்கு வேண்டியது ஒரே ஒரு நிறம், அந்த மங்கல் வெள்ளை. மூன்று நிறங்கள் மட்டும் உள்ள ஸ்ட்ரிப் வெள்ளையைக் கலந்துதான் கொடுக்க வேண்டும். உதாரணத்துக்கு, சிவப்பு 255, பச்சை 180, நீலம் 120 என்று கலந்து ஒரு வெள்ளை வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதை 2 சதவீதத்துக்குக் குறைத்தால் 5.1, 3.6, 2.4 என்று வர வேண்டும். பின்னத்துக்கு அங்கே இடமில்லை, 5, 4, 2 என்று முழு எண்ணாகிவிடும். கலவையின் விகிதமே மாறிவிட்டது, வெள்ளையில் பச்சை ஏறிவிட்டது. 'வெளிச்சத்தைக் குறைத்தால் நிறம் கெடுகிறது' என்ற புகாருக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். வெள்ளைக்கென்று தனி எல்இடி வைத்த ஸ்ட்ரிப்பில், அதாவது பெட்டியில் ஆர்ஜிபிடபிள்யூ (RGBW) என்று போட்டிருக்கும் வகையில், இந்தத் தொல்லை இல்லை. வெள்ளை எரியும்போது மற்ற மூன்றும் சும்மா இருக்கும். அந்தத் தனி எல்இடி எந்த வெள்ளை என்பதைப் பார்த்து வாங்குங்கள், மஞ்சள் வெள்ளையும் அதே பெயரில் விற்பார்கள்.

ஆர்ஜிபிஐசி (RGBIC) என்றும் ஒரு சொல் பெட்டியில் இருக்கும். வெறும் ஆர்ஜிபி என்றால் ஸ்ட்ரிப் முழுக்க ஒரு நேரத்தில் ஒரே நிறம். ஐசி என்ற சின்ன சிப்பும் சேர்ந்தால் துண்டு துண்டாக வெவ்வேறு நிறம் காட்டலாம். படத்தோடு சேர்ந்து நிறம் மாற வேண்டுமானால் இது அவசியம், இடது ஓரத்தில் கடலும் வலது ஓரத்தில் தீயும் இருக்கும்போது ஒரே நிறத்தை வைத்து என்ன செய்வது? நிலையான வெள்ளைக்கு இது தேவையே இல்லை.

சரி, ஆடும் வெளிச்சம். இதில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: திரையில் என்ன ஓடுகிறது என்பது விளக்குக்கு எப்படித் தெரிகிறது? பிலிப்ஸ் 2004-இல் ஆம்பிலைட் டிவிகளைக் கொண்டுவந்தபோது விளக்கு டிவிக்குள்ளேயே இருந்தது, டிவிக்குத் தெரிந்தது விளக்குக்கும் தெரிந்தது. இன்றுவரை அதைவிடச் சுத்தமான வழி வரவில்லை. மற்ற டிவிகளுக்கு வெளியில் இருந்து வாங்கி மாட்டும்போதுதான் சிக்கல் எல்லாம்.

எச்டிஎம்ஐ பெட்டி, தனக்குள் நுழைந்து வெளியேறும் படத்தை மட்டும்தான் பார்க்கும். கேம் கன்சோல், செட் டாப் பாக்ஸ், ஸ்ட்ரீமிங் குச்சி எல்லாவற்றையும் பெட்டியில் செருகி, பெட்டியில் இருந்து ஒரு வயர் டிவிக்குப் போகும். டிவிக்குள்ளேயே இருக்கும் யூடியூப், நெட்ஃபிளிக்ஸ் ஆப்களில் படம் பார்த்தால் அது பெட்டி வழியாகப் போவதே இல்லை, விளக்கு தேமே என்று நிற்கும். பெட்டியை வாங்கி மாட்டியபிறகு இதைக் கண்டுபிடித்தவர்கள் எனக்குப் போன் செய்வது வாடிக்கை. நீங்கள் டிவியின் சொந்த ஆப்களில்தான் அதிகம் பார்ப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் இந்த வழியில் போக வேண்டுமென்றால் தனியாக ஒரு ஸ்ட்ரீமிங் குச்சியும் வேண்டும். அடுத்தது வேகம். எச்டிஎம்ஐ 2.0 வழியாகச் செல்வது நொடிக்கு 18 ஜிகாபிட், 4கே படத்தை நொடிக்கு 120 முறை அனுப்ப அது போதாது. அதற்கு 48 ஜிகாபிட் வரை தாங்கும் 2.1 வேண்டும். பிலிப்ஸ் பெயரில் விற்கும் ஸ்மார்ட் விளக்கு வரிசையான ஹியூவின் 2019 பெட்டி முதல் வகை, 2024-இல் வந்த 8கே பெட்டி இரண்டாவது வகை. புதிய கன்சோலும் 120 ஹெர்ட்ஸ் டிவியும் வைத்துக்கொண்டு நடுவில் பழைய பெட்டியைச் செருகினால், காசு கொடுத்து வாங்கிய வேகத்தை நீங்களே அணைபோட்டுத் தடுத்ததாக ஆகும்.

கேமரா வகைக்கு இந்தக் கவலை கிடையாது. ஆப்பில் ஓடினாலும் கன்சோலில் ஓடினாலும் அது கண்ணால் பார்க்கிறது. டிவியின் மேல் அல்லது கீழ் விளிம்பில் ஒரு சின்ன மீன்கண் கேமரா உட்கார்ந்து திரையைச் சாய்வாகப் பார்க்கும், முதல்முறை மாட்டும்போது திரையின் மூலைகளை அதற்கு அடையாளம் காட்ட வேண்டும். கண் என்றால் கண்ணுக்குள்ள குறைகளும் உண்டு. பக்கத்து ஜன்னல் வெளிச்சம் திரையில் பட்டால் அதையும் படம் என்று நினைத்துக்கொள்ளும். இருண்ட காட்சியில் கேமரா தடுமாறும், சுவரில் வெளிச்சம் காரணமில்லாமல் படபடக்கும். நிறமும் தோராயம்தான், ஆரஞ்சும் சிவப்பும் அடிக்கடி இடம் மாறும். விளக்கின் நிறம் படத்தைவிட ஒரு கணம் தாமதமாகவே மாறும், படம் பார்ப்பவர்களுக்கு அது உறுத்தாது, வேகமாக விளையாடுபவர்களுக்கு உறுத்தும். வரவேற்பறையில் கேமராவா என்று தயங்குபவர்களும் இருக்கிறார்கள், அந்தத் தயக்கம் நியாயம்தான். கேமரா திரையைத்தான் பார்க்கிறது, ஆனால் பளபளப்பான திரையில் உங்கள் சோபாவும் பிரதிபலிக்கும். படத்தை அந்தச் சின்னப் பெட்டிக்குள்ளேயே கணக்குப் போட்டுவிடுகிறதா, வெளியே எங்காவது அனுப்புகிறதா என்பதைத் தயாரிப்பாளரின் தனியுரிமைக் குறிப்பில் படித்துவிட்டு வாங்குங்கள்.

மூன்றாவது வழி ஒன்றும் இருக்கிறது. சில சாம்சங், எல்ஜி டிவிகளில் ஹியூவின் ஆப்பை டிவியிலேயே நிறுவலாம், பெட்டியும் வேண்டாம், கேமராவும் வேண்டாம். உங்கள் டிவியின் மாடல் எண் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள்.

கையில் சால்டரிங் அயர்ன் பிடிக்கத் தெரிந்தால் இஎஸ்பி32 என்ற மலிவான சிப்பில் விளக்கை இயக்கும் டபிள்யூஎல்இடி மென்பொருளை ஏற்றி, ராஸ்பெரி பை என்ற குட்டிக் கம்ப்யூட்டரில் படத்தின் நிறங்களைப் படிக்கும் ஹைபீரியன் மென்பொருளை வைத்து நீங்களே செய்யலாம். நான் வீட்டில் வைத்திருப்பது அதுதான். எச்டிஆர் படங்களை, எச்டிஎம்ஐ வழியாக வரும் படத்தைக் கம்ப்யூட்டருக்குள் எடுக்கும் சாதாரண கேப்சர் கருவியில் பிடித்தால் நிறம் வெளுத்துப்போகும் என்பதையும், நகல் தடை உள்ள படங்கள் கறுப்பாகவே வரும் என்பதையும் தெரிந்துகொண்டு இறங்குங்கள். மின்சாரக் கணக்கையும் விட்டுவிடக் கூடாது. 55 அங்குல டிவியின் மூன்று பக்கம் என்றால் சுமார் 2.6 மீட்டர். மீட்டருக்கு 60 எல்இடி வீதம் 156 வரும். இந்த ஸ்ட்ரிப்களில் வரும் டபிள்யூஎஸ்2812பி வகை எல்இடி ஒவ்வொன்றும் முழு வெள்ளையில் 60 மில்லிஆம்பியர் வரை இழுக்கும், ஆகமொத்தம் 5 வோல்ட்டில் 9 ஆம்பியருக்கு மேல். டிவியின் யூஎஸ்பி 2.0 துளை கொடுப்பதோ அரை ஆம்பியர். அடாப்டர் சரியாக இருந்தாலும் ஒரு முனையில் மட்டும் மின்சாரம் கொடுத்தால் மறுமுனை மங்கி, வெள்ளை செம்மஞ்சளாகத் திரும்பும், இரண்டு முனையிலும் கொடுங்கள்.

'ஸ்மார்ட்' என்ற சொல்லுக்கு நான் பெரிய மரியாதை கொடுப்பதில்லை. எனக்குத் தெரிந்த ஸ்மார்ட், டிவியை அணைத்தால் விளக்கும் அணைவது. டிவியின் யூஎஸ்பியில் செருகிய சாதாரண ஸ்ட்ரிப் அதைச் செய்துவிடும், டிவி அணைந்தபிறகும் யூஎஸ்பியில் மின்சாரம் விடும் மாடல்கள் மட்டும் விதிவிலக்கு. பல நிறுவனங்களின் ஸ்மார்ட் கருவிகளுக்கும் பொதுவாக 2022 அக்டோபரில் வெளிவந்த மேட்டர் தரம் இருந்தால், அதை ஏற்கும் எந்த நிறுவனத்தின் ஆப்பிலும் விளக்கைப் போடலாம், அணைக்கலாம், நிறம் மாற்றலாம். படத்தோடு ஆடும் வேலை மட்டும் அந்தந்த நிறுவனத்தின் சொந்த ஆப்பில்தான் நடக்கும். இணையம் இல்லாமலும் வேலை செய்யுமா என்பதையும் பாருங்கள். நான் வாங்கிய ஒரு விளக்கு, அதன் நிறுவனம் சர்வரை நிறுத்திய நாளில் இருந்து கடைசியாக இருந்த ஊதா நிறத்திலேயே உறைந்துவிட்டது. ஸ்ட்ரிப்பும் அடாப்டரும் நல்ல நிலையில்தான் இருந்தன.

ஒட்டுவது பற்றி இரண்டு வார்த்தை. டிவியின் விளிம்பில் இருந்து 5 சென்டிமீட்டர் உள்ளே தள்ளி, மேல் விளிம்பிலும் இரு பக்கங்களிலும் ஒட்டினால் போதும், கீழே வேண்டாம், மேசை பளபளப்பாக இருந்தால் புள்ளி புள்ளியாகத் தெரியும். ஒட்டும் இடத்தை ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடையுங்கள். மூலையில் ஸ்ட்ரிப்பைப் பக்கவாட்டில் மடக்காதீர்கள், உள்ளே செம்பு விட்டுப்போகும். காற்றுத் துளைகள்மேல் ஒட்டாதீர்கள். நான் ஒருமுறை அவசரத்தில் ஒட்டி, சூட்டில் பசை இளகி, பாதி ஸ்ட்ரிப் நடுராத்திரியில் பாம்புபோலத் தொங்கியது.

மானிட்டருக்கு என் பதில் சுருக்கமானது: நிறம் மாறுவதே வேண்டாம். எழுத்தைப் படிக்கும்போது ஓரக்கண்ணில் எது அசைந்தாலும் கவனம் அங்கே ஓடும். சுமார் 1.3 மீட்டர் சாதாரண 6500 கெல்வின் வெள்ளை ஸ்ட்ரிப், வெளிச்சம் குறைக்க ஒரு திருகு, அவ்வளவு போதும். விளையாட்டுக்கு மட்டும் ஆட்டம் வேண்டுமென்றால் கம்ப்யூட்டரில் அது சுலபம், ஒரு மென்பொருள் திரையை நேரடியாகப் படித்துவிடும், பெட்டியும் கேமராவும் தேவையில்லை. வீட்டில் யாருக்காவது வலிப்பு இருந்தால் இந்த ஆட்டத்தை முற்றாக விட்டுவிடுங்கள். நொடிக்கு மூன்று முறைக்குமேல் மின்னும் வெளிச்சம் சிலருக்கு வலிப்பைத் தூண்டும் என்பது உறுதியான விஷயம், துப்பாக்கிச் சண்டை விளையாட்டில் சுவர் முழுக்க மின்னினால் அது சின்னப் பரப்பு இல்லை.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் இப்போதைக்கு எதையும் வாங்க மாட்டேன். ஒரு மேசை விளக்கில் 6500 கெல்வின் எல்இடி பல்பைப் போட்டு, பல்பு நேரடியாகக் கண்ணில் படாதபடி டிவிக்குக் கீழே சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்து ஒரு வாரம் படம் பார்ப்பேன். எரிச்சல் குறைந்தால் தனி வெள்ளை உள்ள ஸ்ட்ரிப். குறையாவிட்டால் முதலில் கண் மருத்துவர். அதன்பிறகும் ஆட்டம் வேண்டும் என்ற ஆசை இருந்தால், உங்கள் பழக்கத்துக்கு எச்டிஎம்ஐ பெட்டி ஒத்துவராது, டிவியிலேயே ஆப் நிறுவ முடிந்தால் அது, முடியாவிட்டால் கேமரா. ஆசைப்பட்டு வாங்கியவர்களில் பலர் இரண்டு மாதத்தில் ஆட்டத்தை அணைத்துவிட்டு வெள்ளையில் நிறுத்திவிடுவதைத்தான் நான் பார்த்திருக்கிறேன், அதனால் எதை எடுத்தாலும் அதன் மங்கல் வெள்ளை எப்படி இருக்கிறது என்று பார்த்து எடுங்கள். டிவிக்கும் சுவருக்கும் நடுவில் எத்தனை சென்டிமீட்டர் இடைவெளி என்று அளந்து சொல்லுங்கள். 3 சென்டிமீட்டருக்கும் குறைவாக இருந்தால் வெளிச்சம் பரவாமல் விளிம்பில் கோடாக நிற்கும், ஸ்ட்ரிப்பைச் சாய்த்து ஒட்டும் விதத்தை எழுதுகிறேன்.